படித்த இடம்

அத்தியாயம் பதினேழு

ஆஸ்பத்திரி கைமாறியதும், எல்லா சூப்பர்வைசர்களின் சான்றிதழையும் சரிபார்க்கப் போகிறோம் என்று புது நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியதும், ரெக்கார்டு ரூம் சூப்பர்வைசரான அம்மா தன் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் போன வார அத்தியாயத்தோடு முடிந்தது. "பார்த்தா பார்க்கட்டுமே" என்று அம்மா சொன்னாள். வீடே அதை நம்பியது. நாமும்தான் நம்பினோம்.

அந்த ஃபைல் யார் மேஜைக்குப் போகும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் சான்றிதழ் சரிபார்க்கிற கம்பெனி மொத்தமே இரண்டு. அதில் ஒன்றில்தான் மூன்று வருஷமாக மகள் பாப்பா வேலை பார்க்கிறாள்.

இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். ஆபீசில் இது தெரிந்தால் மானம் போய்விடும். அங்கே அவள் சரிபார்ப்பு அதிகாரி. விண்ணப்பத்தில் எழுதியிருப்பதும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றுதானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்தைக் கேட்டு உறுதி செய்து, கடைசியில் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு.

பச்சை என்றால் எல்லாம் சரி. சிவப்பு என்றால் பொய். இரண்டிலும் குழப்பமில்லை. மஞ்சள்தான் வம்பு பிடித்தது.

பட்டம் உண்மை, படித்ததும் உண்மை, ஆனால் பட்டம் கொடுத்தது லாபத்துக்காக நடக்கிற ஒரு கம்பெனி யுனிவர்சிட்டி. அதற்கு மஞ்சள். நூறு வருஷத்துப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் கொடுக்கிற பட்டத்துக்குப் பச்சை. அங்கே படித்தவன் மட்டும் கல்லூரி வாசலை மிதித்தானா என்ன? வீட்டில் பனியனோடு உட்கார்ந்து லேப்டாப்பில் படித்தவன்தான். இங்கே படித்தவனும் அதே பனியன், அதே லேப்டாப்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாப்பா இதைக் கேட்டிருக்கிறாள். டீம் லீடர் அக்கா சிரித்தாள்.

"பழைய யுனிவர்சிட்டிக்கு போன் பண்ணிப் பாரு, அரை மணி நேரம் யாரும் எடுக்க மாட்டாங்க. கம்பெனி யுனிவர்சிட்டிக்குப் பண்ணு. முதல் ரிங்லயே எடுத்து, எந்த கோர்ஸ்ல சேரப் போறீங்கன்னு கேப்பாங்க. வேலை குடுக்கறவன் இதைத்தான் பார்க்கறான்."

"நல்லாப் படிச்சவங்களும் அதுல இருப்பாங்களே அக்கா?"

"இருப்பாங்க. யாருன்னு தேட அவனுக்கு நேரம் இல்ல. அதனால மொத்தமா மஞ்சள்."

அதற்குப் பிறகு பாப்பா கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் எத்தனை மஞ்சள் போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு மஞ்சளுக்கு நாலு நிமிஷம்கூட ஆகாது.

இன்று காலை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நாற்பத்தொரு ஃபைல் வந்திருந்தது. ஏழு ஃபைலை முடித்துவிட்டு, பத்தே காலுக்கு எட்டாவதைத் திறந்தாள். திரையில் அம்மாவின் முகம் வந்தது.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. முதலில் பாப்பாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மா போட்டோவுக்கு எப்போதும் இப்படித்தான், யாரோ திட்டப் போகிறார்கள் என்பது போல நிற்பாள். சிரித்துக்கொண்டே, சூப்பர்வைசர் பதவிக்காக அம்மா அப்போது கொடுத்த விண்ணப்பத்தைப் படித்தாள்.

'பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம்' என்ற கட்டத்தில் அந்த ஊரின் பழைய, பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது.

அடுத்த பக்கத்தில் சான்றிதழ். அதில் கம்பெனி யுனிவர்சிட்டியின் பெயர்.

பாப்பாவுக்குச் சிரிப்பு நின்றது. திரும்பவும் படித்தாள். பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். பெரிதாக்கினால் மாறிவிடுமா?

அம்மா எங்கே படித்தாள் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று வருஷம், தினமும் காலை நாலரைக்குச் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கூடவே வெங்காயமும் நறுக்கிக்கொண்டு, கம்பெனி யுனிவர்சிட்டியின் பாடத்தைத்தான் படித்தாள். பெரிய பல்கலைக்கழகத்திலும் ஆன்லைன் படிப்பு இருந்தது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. அது வேலை நாளில் வைக்கப்பட்டதால் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு போன் காலில் சேர்த்துக்கொண்டார்கள்.

வெறும் மஞ்சளாக இருந்தால் அம்மாவின் பதவி மட்டும் போகும். விண்ணப்பத்தில் ஒன்று, சான்றிதழில் ஒன்று என்றால் அது மஞ்சள் இல்லை. தவறான தகவல். சிவப்பு. வேலையே போய்விடும்.

சொந்தக்காரர் ஃபைல் வந்தால் அந்த நிமிஷமே டீம் லீடரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். டீம் லீடர் அக்கா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்து பத்தடி நடந்தால் போதும். பாப்பா எழவில்லை. 'நிறுத்தி வை' என்ற பட்டனை அழுத்தினாள்.

நிறுத்தி வைத்த ஃபைல் சாயங்காலம் ஐந்து மணி வரை நிற்கும். ஐந்து அடித்ததும் தானாகவே பக்கத்து மேஜைக்குப் போய்விடும். பக்கத்து மேஜைக்காரருக்கு ஆபீசில் சிவப்பு சார் என்று பெயர். பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றரை மணி வாக்கில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கூரை வரை ஃபைல் அடுக்கிய ரெக்கார்டு ரூமில், அம்மா நின்றபடி ஒரு நோயாளியின் பழைய ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் இரண்டு முறை படிக்காமல் அவள் அலமாரியில் வைக்க மாட்டாள். டாக்டர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்த டாக்டர் ஒருவர் எழுதிய ரத்த வகை தப்பு என்று ஒருமுறை அவள்தான் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு கிண்டல் கொஞ்சம் குறைந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வந்தார். இருபது வருஷமாக அங்கே இருப்பவர். கழுத்தில் எப்போதும் தொங்குகிற அடையாள அட்டையைக் காணோம்.

"என்ன சார், அட்டை எங்கே?"

"வாங்கிட்டாங்க. நாளைக்குப் புதுசு தருவாங்களாம். சூப்பர்வைசர்னு போடாத அட்டை."

அம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"மஞ்சள் வந்துருச்சாம். பொய்னும் சொல்லல, படிக்கலன்னும் சொல்லல. எங்க ஆஸ்பத்திரி குரூப்ல இந்த மாதிரி பட்டத்தை ஏத்துக்கறதில்ல, அவ்வளவுதான்னு சொல்லிட்டார். பட்டத்தைக் காசு குடுத்தா வாங்கினேன்? ஓவர்டைம் பார்த்துப் படிச்சேன். அதைச் சொன்னா, ரொம்ப சந்தோஷம் சார்ங்கறார்."

"யாரு?"

"புது ஹெச்.ஆர். தம்பிதான். நல்ல பையன், மரியாதையாத்தான் பேசறான். மரியாதையாப் பேசிக்கிட்டே அட்டையைக் கழட்டிட்டான்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உங்களுக்கு என்னம்மா பயம்? நீங்க பெரிய யுனிவர்சிட்டி ஆச்சே."

அம்மா திரும்பி அலமாரியில் எதையோ தேடினாள். தேட அங்கே ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஹெச்.ஆர். அறையிலிருந்து அவளுக்கும் அழைப்பு வந்தது. சின்ன அறை. மேஜையில் ஒரே ஒரு காகிதம். முன்னால் போனவர்களிடம் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார யாருக்குத்தான் மனம் வரும்? அம்மா நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க ஃபைல் இன்னும் சரிபார்ப்புல இருக்கு மேடம். இது சும்மா ஒரு உறுதிமொழி. எல்லாருகிட்டயும் வாங்கறோம்."

'என் விண்ணப்பத்தில் உள்ள தகவல்கள் அனைத்தையும் நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன்' என்று அதில் இருந்தது.

"தப்பான தகவல் குடுத்தவங்க பேரை மத்த ஆஸ்பத்திரிங்களுக்கும் அனுப்பிருவோம். அது உங்களுக்கு வராது, இருந்தாலும் சொல்லணும், அதான் சொல்றேன்."

பேனாவை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். அந்தக் காகிதத்தை ஒரு முறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

"நாளைக்குத் தரட்டுமா தம்பி? கண்ணாடி கொண்டு வரல."

ஹெச்.ஆர். நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி அம்மாவின் மூக்கின் மேல்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் அம்மாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கொண்டு வாங்க மேடம்."

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுப் பாப்பா இரண்டு மணிக்கு ஆபீசைவிட்டுக் கிளம்பினாள். நேராக அப்பாவின் கடைக்குப் போனாள்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே நாலடி அகலத்தில் ஒரு கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அப்பா. நாலாவதாக ஒரு பொருள் வைக்க இடமில்லை. வந்தவர் வெளியே நின்று சொல்லச் சொல்ல, அப்பா ஃபார்ம் நிரப்பித் தருவார். அந்தத் தெருவில் அவருக்கு ஃபார்ம்காரர் என்றே பெயர். முப்பது வருஷத் தொழில். "என் கையால போன ஃபார்ம் திரும்பி வராது" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கேட்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது பெரும்பாலும் உண்மை.

பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாடிக்கையாளரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"என்னடா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அம்மா புரமோஷன் ஃபார்மை நிரப்பினது நீங்கதானே?"

"நான்தான். வேற யாரு?"

"யுனிவர்சிட்டி பேரு தப்பா இருக்குப்பா. பெரிய யுனிவர்சிட்டின்னு இருக்கு."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"அது... பரீட்சையெல்லாம் அங்கதானே எழுதினா? கம்பெனிக்குச் சொந்த ஹால் ஏது? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெரிய யுனிவர்சிட்டி ஹாலை வாடகைக்கு எடுப்பாங்க. நான்தான் கொண்டு போய் விட்டேன். அந்த ஞாபகத்துல போட்டிருப்பேன்."

பாப்பாவுக்கு உயிர் வந்தது. பரீட்சை எழுதிய இடத்தைப் படித்த இடம் என்று போட்டுவிட்டார். கைப்பிழை. அதை விளக்கலாம். விளக்கினால் மஞ்சளோடு போகும். மஞ்சளைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.

"அதை அப்படியே ஒரு கடிதமா எழுதிக் குடுங்கப்பா. நீங்க நிரப்பினீங்க, தவறுதலா விழுந்துருச்சு, அம்மா பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு. இப்பவே."

அப்பா தட்டச்சு செய்யத் தொடங்கினார். அந்தத் தெருவிலேயே வேகமான கை. இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் நின்றது.

"பாப்பா."

"சொல்லுங்க."

"தவறுதலா விழல."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"தெரிஞ்சேதான் போட்டேன். அந்த மாசம் மட்டும் பதினோரு ஃபார்ம் திரும்பி வந்துச்சு. என் கையால போனது. எல்லாம் அந்தக் கம்பெனி பேர் போட்டது. அந்தப் பேரைப் பார்த்ததும் அடுத்த வரியை யாரும் படிக்கலடா. ஒவ்வொருத்தரும் இங்க வந்து, இதே இடத்துல நின்னு அழுதாங்க. உங்கம்மா நாலரை மணிக்கு எழுந்து படிச்சதை நான் பார்த்திருக்கேன். அவ ஃபார்மும் அப்படித் திரும்பி வந்து நிக்கறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

"அப்பா, இது சிவப்புப்பா. அம்மா இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க முடியாது."

"அவளுக்குத் தெரியாதுடா! கடைசிப் பக்கத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டா. சத்தியமாத் தெரியாது. தப்பு என்னோடது. என் பேர்லயே எழுதித் தரேன், தெரிஞ்சு பண்ணேன்னே எழுதறேன். அவளை விட்டுருவாங்களா?"

பாப்பாவுக்குத் தெரியவில்லை. விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் சிவப்பு மஞ்சளாகலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

அப்பா எழுதினார். கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷத்தில் தனக்காக அவர் நிரப்பிய காகிதங்கள் குறைவு.

நாலு ஐம்பதுக்கு ஆபீசுக்குத் திரும்பி வந்த பாப்பா அந்தப் பத்தடியை நடந்தாள்.

டீம் லீடர் அக்கா முழுவதையும் கேட்டாள். கடிதத்தை இரண்டாக மடித்து மேஜையில் வைத்தாள்.

"எப்போ பார்த்தே?"

"பத்தே கால்."

"இப்ப மணி என்ன?"

பாப்பா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டீம் லீடரும் பதிலுக்காகக் கேட்கவில்லை.

"பல்வலின்னு சொன்னே."

"சாரி அக்கா."

"உங்கப்பா எழுதினது சரி. உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாவுக்கு எதுவுமே தெரியாது அக்கா. படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

அம்மா பொய் சொல்லிப் பாப்பா கேட்டதே இல்லை. கடையில் சில்லறை கூடுதலாகக் கொடுத்தால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுப்பவள்.

"நிச்சயம்."

"அப்ப அதை உன் பேர்ல எழுதிக்கறேன். உங்கம்மாவும் இந்தக் கடிதத்துக்குக் கீழ, படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக் குடுக்கணும். நாளைக்குக் காலையில பத்துக்குள்ள வந்தா மஞ்சள் போடறேன். அதுக்கு மேல என்னால முடியாது." டீம் லீடர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்டுக்கோ. இது வேற மாதிரின்னு பின்னாடி தெரிஞ்சா, உன்னையும் நான் காப்பாத்த முடியாது. மறைச்சதுக்கு ஒண்ணு, பொய் சாட்சிக்கு ஒண்ணு. இந்தத் தொழில்ல உன்னை யாரும் சேர்க்க மாட்டாங்க."

"தெரியும் அக்கா."

ஐந்து மணிக்கு ஃபைல் பக்கத்து மேஜைக்குப் போகவில்லை. பாப்பா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகம் பாஸ்போர்ட் போட்டோவில் இருந்த அம்மாவைப் போலவே இருந்தது.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தபோது மணி ஏழு. டீ வைத்தது யார் என்று தெரியவில்லை, யாரும் குடிக்கவில்லை. அப்பா பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். கடைசியில் கடிதத்தை மேஜையில் அம்மா பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"இதுல கடைசியில நீ ஒரு வரி எழுதணும்மா" என்றாள் பாப்பா. "அவ்வளவுதான்."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். ரெக்கார்டு ரூமில் படிக்கிற மாதிரியே, விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவாள், அழுவாள், எழுந்து போவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார்.

"நான் என்ன எழுதணும்?"

"படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு."

அம்மா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு திரும்ப மூடி, காகிதத்தின் மேல் வைத்தாள்.

"நான் எதையாவது படிக்காம கையெழுத்துப் போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

இதை அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க கடைசிப் பக்கத்தை நீட்டினீங்க. தண்ணி குடிக்க உள்ள போனீங்க. நான் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பேரைப் பார்த்தேன். உங்களைக் கூப்பிட்டு மாத்தச் சொல்லலாம்னு உக்காந்திருந்தேன். ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "கூப்பிடல."

"உனக்கு... ஆறு வருஷமாத் தெரியுமா?"

"நீங்க எனக்காகப் பண்ணது எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல. ஆஸ்பத்திரியில எல்லாரும் பெரிய யுனிவர்சிட்டின்னு சொல்லும்போதெல்லாம் பேச்சை மாத்துவேன். எந்த ஃபைலைத் திறந்தாலும் என் ஃபைல் ஞாபகம்தான் வரும். போதுங்க. நாளைக்குப் பத்து மணிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும். இன்னிக்கு ஸ்டோர்ஸ்காரர் நெஜத்தைச் சொல்லிட்டு அட்டையைக் குடுத்துட்டு வந்தார். நான் பொய்யை வச்சுக்கிட்டு அட்டையோட நின்னேன். எனக்கே என்னைப் பிடிக்கல."

பாப்பா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"உனக்கு என்னடி? ஏன் இப்படி வெளிறிப் போற?"

"உனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லிட்டு வந்துட்டேம்மா. டீம் லீடர் எழுதிக்கிட்டாங்க."

"சொன்னா என்ன? தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிக்கலாம்."

"அது சாட்சிம்மா. பொய்னு தெரிஞ்சா என் வேலையும் போயிடும். வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க."

"யார் பேர்ல எழுதிக்கிட்டாங்க?"

"என் பேர்ல."

அம்மாவின் முகத்தில் அதுவரை இருந்த தெளிவு எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் மகளைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். அப்பா ஏதோ சொல்ல வந்தார், அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

பிறகு பேனாவை எடுத்து மூடியை மறுபடியும் கழற்றினாள்.